தெருவே கை வைத்த கார்

எங்கள் வீட்டு முற்றத்தில் கார் என்ஜினின் போல்ட் ஒன்று முறிந்த நிமிஷம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பேனரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், பின்னால் போய் வாழைக்கன்றின் மேல் உட்கார்ந்தார். கூடி நின்ற எல்லோரும் முறிந்த போல்ட்டையே பார்த்தார்கள். அப்போது என் மனைவி சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "என்ன நானா, கார் கெளம்புறதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சேந்துட்டீங்க!" என்றாள். நானாவே சிரித்துவிட்டார். போன மழையோடு வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அழுததை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவளை நினைத்தால் முதலில் அந்தச் சிரிப்புதான் வருகிறது, நான் என்ன செய்ய? பெரிய படிப்பு எனக்கு இல்லை. வருகிறபடியே எழுதுகிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அவள் என் தாய்மாமன் மகள். மாமா அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய காரை வாங்கிக்கொண்டு, கல்யாணம் ஆன கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு வந்து வாடகைக்கு ஹயர் ஓட்ட ஆரம்பித்தேன். மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "இரும்பை நம்பி எம் மகளைக் கூட்டிட்டுப் போறே. அது என்னைக்கு நடுரோட்டுல நிக்குதோ, அன்னைக்கே நீ தோட்டத்துக்குத் திரும்பி வந்துறணும். சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அதனால் ஒவ்வொரு மேட்டிலும் நான் ஓட்டியது காரை மட்டும் அல்ல, டவுனில் எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையையும்தான்.

நானாவின் மகளைக் கலேவெலவில் கட்டிக்கொடுப்பதாக நிச்சயம் ஆனது. அந்தப் பெண் என் மனைவிக்கு உயிர்த்தோழி. பொண்ணு நம்ம கார்லதான் போகணும் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு மாமாவையும் அழைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து என்ஜினின் மேல் மூடி விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுகியது. கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் வேறு மூடி வாங்கி வந்து, வீட்டு முற்றத்திலேயே பூட்ட ஆரம்பித்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் புதிதாக என்ன நடந்தாலும் எல்லோரும் ஒரு கை வைப்பார்கள். பந்தல் போட்டால் ஆளுக்கொரு முடிச்சு. புது உரல் வந்தால் ஆளுக்கொரு குத்து. கை வைத்தால் அது நிலைக்கும் என்று நம்பிக்கை. வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் வாழ்த்தையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. என்ஜின் மூடிக்கும் அப்படியே வந்தார்கள். கோயில் பூசாரி ஒரு சுற்று, சலவைக்காரர் ஒரு சுற்று, எதிர்வீட்டு அக்கா கூட வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு சுற்று. கடைசியில் நானா, "பிஸ்மில்லா! எம் மகள் போற கார், நல்லா இறுகட்டும்" என்று இழுத்த இழுப்பில்தான் போல்ட் முறிந்தது.

ஸ்டேஷன் பக்கத்துக் கராஜில் இருந்த சிங்கள மெக்கானிக் பாஸ் வந்து, முறிந்த துண்டைப் பக்குவமாக வெளியே எடுத்து, வேறு போல்ட் போட்டுக் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நட்டை இறுக்குவது பகையாளியின் கழுத்தை நெரிப்பது போல இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். குட்டை ஸ்பேனர், ஒரு கை. நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போக வேண்டும். ஒரே நட்டை ஒரேயடியாக இறுக்கக்கூடாது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். முழங்கை பலம் போதும், தோள் கூட வர ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். என்ஜினைச் சூடாக ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது. என் கைக்குப் புரியவில்லை. பல்லைக் கடித்து இழுத்தால்தான் அதற்கு இறுக்கம். இவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று என் வலது தோளில் உள்ளங்கையை வைத்தாள். சதை மேலே எழும்பியதும் ஒரு தட்டு.

"போதும் மச்சான்."

"இன்னும் கொஞ்சம் புள்ள."

"போதும்னா போதும். தோளு எந்திரிச்சிருச்சு."

எதிர்வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "என்னடி, புருஷன் தோளைப் பட்டப்பகல்ல புடிச்சிட்டு நிக்கிறே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். "விட்டா ஒடச்சிப்புடுவாரு அக்கா. பொறவு நானா திரும்பவும் வாழையில ஒக்காரணுமே" என்றாள் இவள். அந்தப் பகல் முழுக்க அவள் கைச்சூடு என் தோளில் இருந்தது. எந்த வேலையையும் அவ்வளவு சந்தோஷமாக நான் செய்ததில்லை.

கல்யாணத்தன்று காலையில் தெரு மறுபடியும் கை வைக்க வந்து நின்றது. நான் ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகி மறைத்தேன். இவளோ முந்தின நாளே ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். நானா கடையின் பின்னால் கிடந்த மாட்டுவண்டி போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, காரில் ஏறும் படிப்பலகையில் ஓட்டை போட்டு மாட்டச் சொன்னாள். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். "என்ஜின் பூட்டியாச்சு. கை வைக்கிறவங்க எல்லாரும் இதுல வைங்க" என்றாள். ஆளுக்கொரு சுற்று சுற்றினார்கள். நானா குனிந்து பலகையின் அடியில் பார்த்துவிட்டு, "இது எதைப் புடிச்சிட்டு இருக்கு தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒங்க ஆசையைப் புடிச்சிட்டு இருக்கு நானா" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு எல்லோரையும் விட அழுத்தமாக ஒரு சுற்று சுற்றினார். மாமா மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு தள்ளியே நின்றார். கை வைக்கவில்லை. "நான் சாட்சி. கார் நிக்கிதான்னு பாக்க வந்தவன்" என்றார்.

அவர் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மணப்பெண்ணும் இவளும் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நாவுல தாண்டியதும் வெயில் நெருப்பாக இருந்தது. மேடு வரும்போதெல்லாம் மாமா காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. தம்புள்ளையில் திரும்பும்போது அவர், "என்னடா, நிக்கவே இல்ல?" என்று குறைபட்டுக்கொண்டார். பின்சீட்டில் வெடித்த சிரிப்பில் மணப்பெண்ணின் தலைமுக்காடு நழுவிவிட்டது. கலேவெலவில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் காரைச் சூழ்ந்துகொண்டு, "நாங்களும் ஒரு கை வைக்கிறோமே" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் இறங்கிப் படிப்பலகையைக் காட்டி, "தாராளமா வைங்க. தள்ளாம வரிசையில வரணும்" என்றாள். வீடு திரும்பியதும் மாமா, "சரி, இந்தத் தடவை தப்பிச்சே. அடுத்த தடவை பாப்போம்" என்றார். சத்தியம் அப்படியே நின்றது.

இப்போது அவள் இல்லை. இது துக்க வீடு என்று தெருவில் யாரும் முற்றத்துக்குள் வருவதில்லை. வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன வாரம் காருக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் புது வில்லுப்பட்டை வாங்கிவந்து தனியாகப் பூட்டினேன். தோள் எழும்புகிற இடத்தில் கை தானாக நின்றது. எல்லா நட்டும் சரியான இறுக்கம். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த நேரம் மாமா வந்தார்.

"இங்க தனியாக் கெடந்து என்ன பண்ணப் போறே? தோட்டத்து லயத்துல ஒரு காம்பரா காலியா இருக்கு. ஒத்த ஆளுக்கு அந்த ரூம் போதும். வந்துரு."

கார் நின்றுபோகவில்லையே என்று சொல்ல நினைத்தேன். நின்றுபோனது காரா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? குனிந்து வேலையைப் பார்த்தேன்.  மாமா குடையை மரத்தில் சாய்த்துவிட்டு, காரைச் சுற்றி வந்து, படிப்பலகையில் இன்னும் இருந்த அந்த மாட்டுவண்டி போல்ட்டின் முன்னால் குந்தினார்.

"ஸ்பேனரைக் குடு."

"மாமா, அது எதையும் புடிச்சிருக்கல."

"தெரியும்டா. எம் மக சொன்ன பொய்யி எனக்குத் தெரியாதா?"

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "போதுமா?" என்றார். கண் நிறைந்திருந்தது. வாய் சிரித்தது.

"இன்னும் ஒரு சுத்து, மாமா."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நானாவின் குரல் வந்தது: "விட்டுறாதீங்க கங்காணி! நானும் வாறேன்!" வேலிப் படலையைத் திறந்துகொண்டு அவர் வந்தார். பின்னால் எதிர்வீட்டு அக்கா வளையலை மேலே தள்ளிக்கொண்டே வந்தாள்.

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "லயத்துக்கு நான் மட்டும் போறேன். என்னை ரத்தோட்டையில எறக்கி விட்டுரு" என்றார். "வர்ற வழியில ஹயர் கெடச்சா ஏத்திக்க. வண்டியைச் சும்மா ஓட்டிட்டு வராதே."