படுத்தால் மூச்சு நிற்கும்

எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. ஓட்டுநர்கள் அவளை ‘மைக் அக்கா’ என்பார்கள். இரண்டு கரு கலைந்து, இப்போது மூன்றாவது, ஆறு மாதம். ஒருநாள் காலை, ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குப் பாதியில் மூச்சு அறுந்தது.

“என்னக்கா, வண்டி பாதி வழியில நின்னுடுச்சா?” என்று ஜன்னலில் ஒரு ஓட்டுநர் கேலி செய்தார். சிரிக்க வாயைத் திறந்தாள். இருமல் வந்தது, கைக்குட்டையில் ரத்தம்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருந்தது. “நெஞ்சைத் திறந்தா குழந்தை தாங்காதும்மா,” என்றார் இதய மருத்துவர். “தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, பலூன் ஊதி வால்வை விரிக்கலாம்.”

பணிமனை மெக்கானிக்கான அவள் கணவன் குறுக்கிட்டான். “வால்வு கிழிஞ்சுட்டா?”

“அப்புறம் நெஞ்சைத் திறந்துதான் ஆகணும்.”

வெளியே வந்ததும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “குழந்தை போனாப் போகட்டும். எனக்கு நீ வேணும்.”

“இன்னொரு தடவை அப்படிச் சொன்னீங்க, உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”

ஒரு மாதமாக உட்கார்ந்தே தூங்கியவளை மேஜையில் மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். எக்ஸ்ரே கதிர் குழந்தைமேல் படாமலிருக்க வயிற்றைச் சுற்றி ஈயத் துணி. தொடை மட்டும்தான் மரத்திருந்தது. நினைவு முழுசாக இருந்தது. தண்ணீரில் அமுக்கியதுபோல் மூச்சு முட்டியது. பலூன் வால்வுக்குள் நிற்காமல் வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது.

“எழுப்பி விடுங்க... செத்துடுவேன்...”

“இன்னும் ரெண்டே நிமிஷம்மா, அசையாதீங்க,” என்று நர்ஸ் தோளை அமுக்கினாள்.

மூன்றாம் முறை ஊதியபோது கண் இருண்டது. பிறகு காற்று நெஞ்சின் அடிவரை இறங்கியது. ஆனால் வயிற்றில் அசைவே இல்லை. சாயங்காலம்வரை அவளும் கணவனும் ஒருவரையொருவர் பார்க்கத் துணியவில்லை. ஸ்கேன் எடுத்த பெண்தான் சொன்னாள், “துடிப்பு இருக்கு, அக்கா.”

நாள் நிறையுமுன்பே மகள் பிறந்தாள், கைப்பிடி அளவு. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தாள்.

வால்வு மறுபடி சுருங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எத்தனை வருஷம் தாங்கும் என்று அவள் விடாமல் கேட்டாள்.

“பத்து வருஷம் கிடைக்கலாம். உறுதி கிடையாதும்மா.”

“பத்துன்னா இவ அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டிருப்பா,” என்றாள் கணவனிடம். “அதுக்குள்ள தலை பின்னக் கத்துக்கோங்க.”

“வாயை மூடு,” என்றான் அவன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.