ஓட்டை விழுந்த மீன்

ஈட்டியால் குத்திப் பிடிக்கிற மீனில் ஓட்டை இருக்கும். அதற்காகக் கூச்சப்படாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். தெருத்தெருவாகக் கூடை சுமந்து, சரக்கைவிடச் சரக்கின் குறையைப் பற்றியே அதிகம் பேசிய உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும். தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அவருக்கு மாலைக்கண் வேறு. ராத்திரி நொய்யல் வாய்க்காலில் ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக் காட்டுவார். குத்துவது நான். மூங்கில் கழி நுனியில் மூன்று குடைக்கம்பிகளைச் சேர்த்துக் கட்டியதுதான் ஈட்டி. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அதை நம்பித்தான்.

எடை

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அம்மா விராலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மூன்று ஓட்டையையும் எண்ணிவிட்டு, எலி கடித்ததா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வலைமீன் ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ யாருக்குத் தெரியும், இது ராத்திரி நீந்திக்கொண்டிருந்த மீன், ஓட்டைதான் அதற்குச் சாட்சி என்று மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அதெல்லாஞ் செரிங்க. ஓட்டையக் கழிச்சுப்போட்டு எடை போடுங்க."

தவளை

ஒரு காலேஜில் பிள்ளைகள் அறுத்துப் படிக்கத் தவளை வேண்டும் என்றார்கள். நான் மீனைப் போலவே குத்தி, ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். லேப் அட்டெண்டர் பையைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். உயிரோடு வேண்டுமாம்.

மறுநாள் ராத்திரி ஈட்டியைக் கரையில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். முகத்தில் வெளிச்சம் பட்டால் தவளை அசையாது. ஆனால் வெளிச்சம் பிடிக்கிற என் வீட்டுக்காரருக்குத் தவளை எங்கே என்று தெரியாதே! அவர் விளக்கை வானத்துக்குக் காட்ட, நான் சேற்றில் குப்புற விழுந்தேன். "புடிச்சுட்டயா?" என்று கேட்டார். பூமியைப் பிடித்திருக்கிறேன் என்றேன். காலையில் ஈரச் சாக்கில் கொண்டுபோன தவளைகளை அட்டெண்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பொத்தல்கூட இருக்கப்படாதுங்க. பொத்தல் போடறதுக்குத்தான் பசங்க ஃபீஸ் கட்டறாங்க."

குத்தகை

வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேருகிற குளத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒருநாள் ஆள் வைத்து என் ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டார். வாய்க்காலில் நீந்துகிற மீனும் நாளைக்கு அவர் குளத்துக்கு வரப்போகிற மீன்தானாம். கெஞ்சிக் கேள் என்றார் வீட்டுக்காரர். அழுகையாக வந்தது, ஆனால் கெஞ்ச வரவில்லை.

நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், ஈட்டியோடு அவரையும் வரவழைத்து, குத்தகைப் பத்திரத்தை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். குமாஸ்தா இரண்டு தரம் படித்தார். குளம் என்றுதான் இருந்தது. வாய்க்கால் என்ற பேச்சே இல்லை. நான் கையை நீட்டினேன். குத்தகைக்காரர் ஈட்டியைக் கொடுத்துவிட்டு முறைத்தார்.

"ஓட்ட மீன இந்த ஊர்ல எவன் வாங்கறான்னு நானும் பாக்கறேன்."

ஓட்டை மீனு!

சொன்னபடியே செய்தார். அவருக்குப் பயந்து எங்கள் தெருவிலேயே யாரும் வாங்கவில்லை. எனக்கு வீம்பு ஏறிவிட்டது. தினமும் முதல் வேலையாக அவர் வீதிக்கே போனேன். "ஓட்டை மீனு! ஓட்டை மீனு!" என்று அவர் வாசலில் நின்றே கூவினேன். மூன்றாம் நாள் கேட் திறந்தது. வந்தது அவருடைய சம்சாரம். ஒரு கெளுத்தியை எடுத்து, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். நாற்காலியில் இருந்த குத்தகைக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அந்த அம்மா அவருக்கும் கேட்கும்படியே சொன்னார்:

"ஏனுங்கக்கா, நாளைக்கும் ஓட்ட இருக்கறதாப் பாத்துக் கொண்டாங்க. எங்கூட்டு மீனு ஐஸ்ல கெடந்து நாறிப்போச்சு."

அன்றிலிருந்து நான் யாருக்கும் ஓட்டையைக் கழித்து எடை போடவில்லை.