சுவரொட்டியில் முதல் பெயர்

ராசு மாமாவுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்கச் செல்லூர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். எதிரே இருந்த கோயிலில் ஒரு குழந்தைக்குக் காது குத்தினார்கள். அது வீறிட்டதும் என் கை தானாகக் காதுக்குப் போனது.

எனக்குக் காது குத்தும்போது ஆறு வயது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அம்மாவின் அண்ணனான ராசு மாமா, சந்தனமும் மல்லிகையும் மணக்கச் சீர்த்தட்டோடு வந்தார். கூடவே சண்முகம் மாமா. இருவரும் சமயநல்லூரில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

"அந்தாளு வெளியவே நிக்கட்டும்" என்றார் தாத்தா.

"அப்ப நானும் போறேன்ப்பா. எனக்குக் குடும்பம்னா அவருதான்" என்று ராசு மாமா திரும்பினார்.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்கண்ணே. பிள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல?"

வலது காது ராசு மாமா மடியில், இடது காது சண்முகம் மாமா மடியில். என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பந்தியில் சண்முகம் மாமாவைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்கும் எலை போடுங்க" என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் ராசு மாமா தனியாக வந்ததில்லை.

"அக்கா, சண்முகம்னு ஒரு பேரு இருக்கே, நண்பர்னு போடவா?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

"வாழ்க்கைத் துணைனு போடுங்கண்ணே. மொதப் பேரா, நல்லாப் பெருசா."