மச்சானின் உள்ளங்கால்

காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, என் உள்ளங்காலைப் பார்க்கிறேன். அதற்கென்று ஒரு கையகலக் கண்ணாடி இருக்கிறது. நீல பிளாஸ்டிக் சட்டம், ஒரு மூலையில் ரசம் உரிந்து போயிருக்கிறது. அதைத் தரையில் மல்லாத்தி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அதன் மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். ரசம் உரிந்த இடம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு கண்ணாடியில் இருக்கிறதா, என் காலில் இருக்கிறதா என்று காலை நகர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வரை எனக்கு மூச்சு வருவதில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்திருக்கிறேன், லாரியில் வடக்கே போயிருக்கிறேன், சாப்பாடில்லாமல் ரயிலடியில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் அப்படி அப்படியே கழிந்தது. இந்தச் சின்னக் கண்ணாடிக்குத்தான் தினமும் பயப்படுகிறேன்.

கண்ணாடி என் மச்சானுடையது. என் அக்காவைக் கட்டியவர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன். போகிற இடம் அலுத்துப்போனால் அக்கா வீட்டுக்கு வருவேன். கீழ்வேளூருக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்தில் இருந்தது அவர்கள் தெரு. அப்போது சென்னையில் கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மேடையில் எல்லோரும் சமம் என்று பேசினார்கள். எங்கள் ஆட்களோ மிராசுதார் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார்கள். மச்சான் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த சமயம் அது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். மச்சானும் மற்றவர்களும் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். முதலில் அடியாட்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே போலீஸ் வந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்ற பேச்சு நாள்தோறும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் மச்சான் டயர் செருப்பு மாட்டிக்கொண்டு மிராசுதார் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். நாங்கள் நாலைந்து பேர் பின்னால் போனோம். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பயமா இல்லையா மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டேன். "எதுக்கு மாப்ள?" என்றார், திரும்பிப் பார்க்காமல். தெருவைத் தாண்டி வாய்க்காலுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கக் குனிந்தார். அள்ளிய தண்ணீர் வாய்க்கு வந்து சேரவில்லை. கை அப்படி நடுங்கியது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "நான் பயப்படறேன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும், நாளைக்குப் பாதித் தெரு பழைய கூலிக்கே வயல்ல எறங்கிடும்" என்றார். அதற்கு அடுத்த வாரம் அவரை மடையடியில் மடக்கி அடித்தார்கள். தலையில் தையல் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதும், ஒன்றுமில்லை என்றுதான் அக்காவிடம் சொன்னார்.

கூலி கூடியது. பல வருஷம் கழித்து, நில உச்சவரம்புச் சட்டத்தில் மிஞ்சிய நிலத்தில் ஒரு துண்டு, தாசில்தார் கையெழுத்துப் போட்ட பட்டாவோடு அவருக்கு வந்தது. நான் அப்போது லாரியில் இருந்தேன். ஒவ்வொரு முறை வரும்போதும் மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்தார். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அவருக்குச் சங்க அலுவலகத்தில் பெஞ்சு, டீக்கடையில் பெஞ்சு, பஸ்ஸில் சீட்டு. சாப்பாடு மட்டும் சேற்றில் நின்ற காலத்துச் சாப்பாடு. மூன்று வேளையும் சோறு, அதுவும் குவித்த சோறு. எங்கள் ஜனங்களுக்கு அது வெறும் சாப்பாடு இல்லை, ஜெயித்ததன் அடையாளம். கேழ்வரகும் கிழங்கும் பஞ்ச காலத்தில் தின்றது, அதை மறுபடி யார் தொடுவார்கள்? வயலுக்குப் பாயும் மடையை அடைத்துவிட்டு வாய்க்காலில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் கரை எத்தனை நாள் தாங்கும்? உடம்பும் அப்படித்தான் என்று இப்போது புரிகிறது. பிறகு ஒரு முறை வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். கொல்லையில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. அக்காதான் அதை எனக்குக் காட்டினாள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சர்க்கரை என்று உறுதியானது. மருந்து எழுதிக் கொடுத்த பிறகு, கூத்தாநல்லூரிலிருந்து வந்து வேலை பார்த்த நர்சம்மா ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "சோத்தைப் பாதியாக் குறைங்கய்யா. காய், கீரை, பயறு கூடச் சேர்த்துக்குங்க. காலையில வேர்க்கிற மாதிரி நடங்க. ராத்திரி கண்ணு முழிக்காதீங்க. தினம் உள்ளங்காலைப் பாருங்க. வெறுங்கால்ல மட்டும் நடக்காதீங்க, வீட்டுக்குள்ளகூட."

"அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டு மண்டை ஒடஞ்சவன் நான்" என்றார் மச்சான். "இப்ப சோத்தைக் குறைங்கிறீங்க. மிராசுதாரு சொல்லி அனுப்பினாரா?"

"அவருக்கும் இதேதான் சொல்லியிருக்கு. போன வாரம்தான் வந்துட்டுப் போனாரு."

மச்சானுக்கு வீடு வரும் வரை சிரிப்பு அடங்கவில்லை. பஸ்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "சங்கத் தீர்மானம் மாதிரி வச்சுக்க. மீற மாட்டேன்" என்றார். மீறவும் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கேழ்வரகுக் கூழைக் குடித்தார். விடிந்ததும் ஆற்றங்கரையில் கையை வீசி நடந்தார். மாத்திரையைத் தவற விடவில்லை. டீயில் சர்க்கரை இல்லை, வீட்டுக்குள்ளும் செருப்பு. அக்கா திருவிழாக் கடையில் இந்த நீலக் கண்ணாடியை வாங்கி வந்தாள். அவர் கட்டிலில் கால் நீட்டி உட்காருவார். அவள் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்ப்பாள், விரலிடுக்கில் ஈரமிருந்தால் துணியால் ஒற்றி எடுப்பாள். பிறகு நர்சம்மா சொல்லிக்கொடுத்தபடி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, வைக்கோல் துரும்பு ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொடுவாள். "தெரியுதா?" என்பாள். "தெரியுது" என்பார். கட்டை விரல், குதிகால், நடுப்பாதம். தெரியுது, தெரியுது, தெரியுது. நான் அந்த வீட்டில் இருந்த காலையெல்லாம் இந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். கேட்க இதமாக இருக்கும்.

ஒரு வருஷம் குறுவை அறுப்பின்போது நான் ஊரில் இருந்தேன். முந்தைய நாள் மழையில் நெல் நனைந்து, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும் போல நாங்களும் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். புரட்டாசி வெயில். மழைக்கு மறுநாள் அடிக்கும் வெயிலுக்கு ஒரு வெறி உண்டு. காய்கிற நெல்லைச் சும்மா விடக்கூடாது, அவ்வப்போது காலாலேயே துழாவிக் கிளறிவிட வேண்டும். பாதத்தை இழுத்து இழுத்து நடந்தால் உழுத சால் மாதிரி நெல் விலகி அடியில் இருப்பது மேலே வரும். நெல்லின் மேல் யாரும் செருப்புக் காலை வைக்க மாட்டார்கள். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களும் வைக்க மாட்டார்கள். மிராசுதார் தெருவில் செருப்புப் போட்டு நடந்து அடிபட்ட மச்சான், ரோட்டோரத்தில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் யாருக்கும் அது வெறுங்காலோடு நடப்பதாகவே தோன்றவில்லை. அது நெல்லில் இறங்குவது. நர்சம்மா சொன்ன நடை வேறு என்பதுபோல இருந்தோம்.

நானும் இறங்கினேன். நாலு சால் இழுப்பதற்குள் பாதம் பொசுங்கியது. நெல்லுக்கு அடியில் தார் இளகிக் கிடந்தது. ஒரு கால் மாற்றி ஒரு கால் தூக்கினேன். "என்ன மாப்ள, கரகம் ஆடறே?" என்றார் மச்சான். பக்கத்தில் நெல் காயவைத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஊர் சுத்துன காலுன்னு பேரு, ஒரு ரோட்டைத் தாங்கல." ஒருத்தி, "அண்ணன் காலைப் பாருங்க, வாய்க்கால் தண்ணியில நடக்கிற மாதிரி நடக்குது" என்றாள். அவர் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தார். நிதானமாக, நெஞ்சை நிமிர்த்தி, ரோட்டின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக. நான் ஓடிப்போய்ப் புளியமரத்து நிழலில் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கூழ் கொண்டுவந்த அக்காவின் முகத்தில் பெருமை இருந்தது. அவர் எங்கள் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தார், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் வீட்டில் சிமெண்டுத் தரையில் ஈரம் தெரிந்தது. தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று அக்கா துடைத்தாள். மச்சான் கொல்லைக்குப் போய் வந்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் ஈரம். அது செருப்பின் வடிவத்தில் இருந்தது. அக்கா அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, கண்ணாடியைக் கீழே பிடித்தாள். அதை என்னிடம் நீட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். உள்ளங்காலில் பாதிக்குத் தோல் இல்லை. மச்சான் தன் காலைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்பதை அவர் அங்கேதான் தெரிந்துகொண்டார்.

புண் ஆறவில்லை. முதலில் விரல் கறுத்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வார்டில் ஒரு வாடை உண்டு, அதை நான் எழுதப்போவதில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அக்கா மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது, மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருஷமாவே தெரியல மாப்ள."

"துரும்பால தொட்டப்ப தெரியுதுன்னீங்களே."

"ஒங்கக்கா கை அசைஞ்சா வளையல் சத்தம் கேக்கும். கேட்டதும் தெரியுதும்பேன்."

"ரோட்டுல?"

"நீ துள்ளறதைப் பாத்துதான் சுடுதுன்னே தெரிஞ்சுது" என்றார். "அப்பவும் வெளியில வரல. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க."

"ஏன் மச்சான் எங்ககிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். அடியாட்களுக்கு முன்னால் மறைத்தது ஒரு காலத்தில் தெருவையே காப்பாற்றியது. அதே பழக்கத்தில் தன் கால் மரத்துப்போனதையும் மறைத்தார், அக்காவிடம்கூட மறைத்தார். கூழ், நடை, மாத்திரை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அவர் சொன்னதை நான் அக்காவிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இரண்டு கை கண்ணாடி வளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டின புருஷன் உயிரோடு இருக்கும்போது இதென்ன கோலம் என்று தெருவில் ஏசினார்கள். அவள் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த ஒரு காலை, மச்சான் கட்டையூன்றி நடந்த அத்தனை வருஷமும், வளையல் இல்லாத கையால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கால் கடைசி வரை அவருக்கு இருந்தது.

இப்போது எனக்கும் சர்க்கரை. லாரி வாழ்க்கையில் நேரத்துக்குத் தின்றதில்லை, தூங்கியதில்லை, டீயை எண்ணிக் குடித்ததில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. கண்ணாடியில் நானே பார்த்துக்கொள்ள வேண்டும், துரும்பு மட்டும் அவளுடையது. இன்றைக்குக் காலையிலும் ரசம் உரிந்த கறுப்பைக் காலிலிருந்து பிரித்துப் பார்த்து மூச்சு விட்டேன். பிறகு கட்டிலில் கால் நீட்டிக் கண்ணை மூடினேன்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுதுக்கா."

பிறகு சத்தமே இல்லை. வாசலில் ஒரு காக்கை கத்தியது. அவள் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"தெரியுதா?" என்றாள்.

எந்த இடத்தைக் கேட்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியுது என்ற வார்த்தை வாய்க்குள் வந்து நின்றது. அது எவ்வளவு சுலபமான வார்த்தை என்று அப்போது புரிந்தது.

"தெரியலக்கா" என்றேன். "பயமா இருக்கு."

கண்ணைத் திறந்தேன். துரும்பு என் சுண்டு விரலில் இருந்தது. அக்கா அதைக் கீழே போட்டாள். தரையிலிருந்த கண்ணாடியைத் தடவி எடுத்து, முந்தானையால் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செருப்பைப் போடு" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு மொத பஸ்ஸப் புடிச்சிடலாம்."