பதினேழாம் படத்தின் வெயில்

"புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பதினேழாம் படத்துக்கு முதல் கருத்து: வெளிச்சம் அபாரம், முகம் பொம்மை." என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான்.

எழுதி முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. படத்தைப் போட்டிருந்த இணையக் குழுவின் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எனக்குக் கோடு போட்டு வரையத் தெரியாது. ஆயத்த மனித உருவங்களை வாங்கி, உடுத்தி, நிறுத்தி, வெளிச்சம் வைத்து, கம்ப்யூட்டரைப் படமாக்கச் சொல்வேன். இதற்கு ரெண்டர் என்று பெயர். ஒரு படம் முடிய மணிக்கணக்காகும். அதுவரை மொட்டை மாடியில் இங்குமங்கும் நடப்பேன். என்னைப் போலச் சித்திரக்கதை செய்கிறவர்கள்தான் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். யார் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

மென்பொருளில் எனக்குப் பிடித்தது அதன் சூரியன். ஊரும் தேதியும் நேரமும் கொடுத்தால் அந்த நேரத்து வெயில் அந்தக் கோணத்தில் விழும். தேதிப் பைத்தியமான எனக்கு வேறென்ன வேண்டும்? அப்பா இறந்த மாசி மாத நாளைக் கொடுத்தேன். இறப்புச் சான்றிதழில் தேதி உண்டு, நேரம் கிடையாது. நேரத்தைச் சொந்தக்காரர்கள் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

கதை அப்பாவின் கடைசி நாளைப் பற்றியது. அப்போது எனக்கு ஐந்து வயது. எதுவும் நினைவில்லை. வீட்டில் சொல்லிவந்தது இது: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அரிசி மண்டியில் இருந்த சித்தப்பாவைக் கூட்டிவர அம்மா அக்காவை அனுப்பினார். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. வேகமாக நடந்தால் பத்து நிமிட தூரம்தான். "பொழுது சாயுற நேரத்துக்குத்தான் வந்து நின்னுச்சு" என்று சித்தப்பா சொல்வார். அவர் வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா எங்கே நின்றாள் என்பதற்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. வளையல் கடை என்பார் ஒருவர், சிநேகிதி வீடு என்பார் இன்னொருவர். நல்லது கெட்டதுக்கு உறவு கூடும்போதெல்லாம் இந்தப் பேச்சு தவறாமல் வரும். அம்மாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை.

பதினேழாம் படத்தில் அக்கா ஓடுகிறாள். மலைக்கோட்டை அடிவாரத்தில் எங்கள் தெரு. முதுகுக்குப் பின்னால் மேற்கு வெயில் பொன்னாக விழ, அவளுக்கு முன்னே நீளமாக நிழல் ஓடுகிறது. மற்ற படங்களைக் குழுவினர் விட்டுவைக்கவில்லை. பாவாடை தகரம் மாதிரி இருக்கிறது, செருப்பு தரையில் படாமல் மிதக்கிறது, விரல்கள் ஐந்தும் ஒரே அச்சு. ஆனால் பதினேழை மட்டும் "அட்டைப்படமாகப் போடுங்கள்" என்றார்கள்.

கதையில் யார் பெயரும் இல்லை. இருந்தாலும் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். வெளியிடும் முன் அக்காவிடம் காட்டிவிட வேண்டும் என்று மறுநாளே ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது தொப்பம்பட்டிப் பக்கம். வழியெல்லாம் மடியில் லேப்டாப்பைத் திறந்து திறந்து பார்த்ததில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

அக்கா அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். மாமாதான் முதலில் பார்த்தார்.

"ஏன் மாப்ள, அல்லாரும் இப்பத்தான் சலூன்ல இருந்து எந்திரிச்சு வந்தவங்களாட்ட இருக்கறாங்க?"

"அந்த மாடல் அப்படித்தான் மாமா வருது."

"உங்கப்பாவுக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லியே. நெஞ்சு வலிங்கறீங்க, ஃபோட்டோவுக்குப் படுத்தவராட்ட இருக்கறாருங்க."

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் அக்கா. பதினேழு வந்ததும் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

"இது எந்நேரம்?"

"சாயங்காலம்க்கா. அஞ்சு இருக்கும்."

"யாரு சொன்னா?"

"சித்தப்பா சொன்னதுதான்."

"ஏலே, நீ எந்தத் தெருவுல பொறந்தவன்? அந்நேரத்துக்கு நம்ம தெருவுல வெயிலு ஏது? மலை மறைச்சிரும்ல. அம்மா வத்தல் போட்டா வெரசா எடுத்துருவா, வெயில் போயிரும்னு. நான் மத்தியான வெயில்ல ஓடுனேன். வெறுங்கால்ல ஓடுனேன். கால் பொத்துப் போச்சு. வீட்ல அப்பா கெடக்காரு, என் காலையா பாப்பாக?"

"அப்ப நீ சீக்கிரமே போயிட்டியா?"

"போனேன். அவரு மண்டியில இல்ல. வருவாரு, உக்காருன்னாக. மூட்டைக்கு நடுவுல உக்காந்திருந்தேன். அவரு வரையில பொழுது சாஞ்சிருச்சு."

"இதை நீ சொன்னதே இல்லியேக்கா."

"யாருலே கேட்டீக? நீதான் மொத ஆளு. நீயும் படத்தப் போட்டுட்டு வந்து கேக்குற." மடக்கிய அரிவாள்மனையை மறுபடி நிமிர்த்தினாள். "பேசுன வாயெல்லாம் போய்ச் சேந்துருச்சு. இது போகுமா? என் மருமக போன்ல பாப்பா. நான் எங்கேயோ வேடிக்கை பாத்து நின்னேன்னுதான அவளும் நினைப்பா?"

மாமா அக்காவையே பார்த்தார். அவரும் இதை முதல் தடவையாகத்தான் கேட்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் கோப்பைத் திறந்தேன். தவறு உடனே கண்ணில் பட்டது. மலையை நான் கன உருவமாகச் செய்யவே இல்லை. தெருவின் மேற்குக் கோடியில் ஒரு புகைப்படத்தைத் திரை போலத் தொங்கவிட்டிருந்தேன். வெயிலை அது தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய பாறைக்கு என் படத்தில் நிழலே இல்லை. மலையடியில் பிறந்த நான் அதைக் கவனிக்கவில்லை. குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவர்கள் இந்த ஊரைப் பார்த்ததில்லை.

மலையைக் கண்மதிப்பில் புதிதாகச் செய்தேன். மாசி மாதத் தேதி, மாலை ஐந்து மணி. நிழலின் விளிம்பு தெருவின் நடுவில் வந்து நின்றது. பாறையைக் கொஞ்சம் உயர்த்தினால் தெரு முழுதும் இருண்டது. கொஞ்சம் தாழ்த்தினால் பாதித் தெருவில் பொன் வெயில் வந்தது. என் கைக்குத் தக்கபடி அக்கா சொன்னதும் சரியாயிற்று, சித்தப்பா சொன்னதும் சரியாயிற்று. இரண்டு நாள் உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

சிறுவயதிலேயே விட்டு வந்த அந்தத் தெருவை நேரில் பார்த்துவிடுவதென்று கிளம்பினேன். மாசியில் சூரியன் இறங்கும் இடத்தில்தான் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் ஏறக்குறைய இறங்கும். ஆகவே நாள் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவே மழைக்காலம். தினமும் நாலரைக்கே போய்த் தெருமுனையில் நின்றேன். தினமும் மேகம். வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, தெரு முழுக்க ஒரே சாம்பல். "என்ன சார், இடம் கிடம் பாக்குறீங்களா?" என்று பூட்டுக் கடைக்காரர் கேட்டார். வெயிலுக்காக நிற்கிறேன் என்றேன். குடையோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

காத்திருக்க முடியவில்லை. அக்காவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்தாள். "மாத்திட்டியா?" அது ஒன்றுதான் கேள்வி. கடைசியில் பதினேழை மாற்றினேன். உச்சி கடந்த வெயில், காலடியில் குட்டை நிழல், வெறுங்கால். அந்த வெளிச்சத்தில் முகம் முன்பைவிடப் பொம்மையாகத் தெரிந்தது. அடுத்ததாக, மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைச் சேர்த்தேன். குழுவில் போட்டதும் வந்த முதல் கருத்து: "பழையதே நன்றாக இருந்தது. ஏன் கெடுத்தீர்கள்?" 

அக்கா மட்டும், "மூட்டை இன்னும் ஒசரம்லே. எனக்கு வாசல் தெரியல" என்றாள். உயர்த்தினேன்.

வெளியிடும் அன்று காலை அவளுக்குப் போன் செய்தேன். படத்தின் கீழே, 'நேரம் சரிபார்க்கப்படவில்லை' என்று ஒரு வரி போடட்டுமா என்று கேட்டேன். மறுபக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"சித்தப்பா சொன்னாருல்ல அம்புட்டு வருசமா. அதுக்குக் கீழ யாராச்சும் இப்படி எழுதுனீகளா?"

அங்கே எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். மாசி மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் வெயில் இருக்குமா, இருக்காதா என்பது இதை எழுதும் இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.