மூலச்சூட்டுக்கு விலா எலும்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வாக்கில் எனக்கு மூலம் வந்தது. வெளியே சொல்ல முடியாத இடத்து வியாதி. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் என்பதால் அது எனக்குப் பொருத்தமாகத்தான் வாய்த்தது. ஊர் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "சூடு" என்றார். துத்தி இலை, சுக்கு, மிளகு, பூண்டு போட்டுப் பன்றியின் விலா எலும்பைச் சூப்பு வைத்து வாரம் ஒருமுறை குடிக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் அந்தப் பிராணியின் பெயரைச் சொன்னாலே வாய் கொப்பளிப்பார்கள். மனைவி இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னாள்.

"மருந்துன்னா மருந்துதான். கோவில்பட்டியிலேயே குடிச்சிட்டு, கெணத்துல முங்கிட்டு வீட்டுக்குள்ள வாங்க. வேட்டியையும் நனைச்சிருங்க."

கோவில்பட்டிச் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. ஒரு அக்கா நடத்தினாள். தெருவில் போகிறவர்களுக்கு முகம் தெரியாதபடி பெஞ்சுகளைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரைப் பார்த்தபடி குடித்துக்கொண்டிருப்போம். எல்லோரும் நிலபுலன் உள்ளவர்கள். எல்லோருக்கும் சூடு.

அங்கே பன்றி என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"யக்கா, மருந்துல கொழுப்பா ஒரு துண்டு கெடக்குமா?"

"அண்ணாச்சி, போன மருந்துக்கு இந்த மருந்துல மிளகு கம்மி."

"ஏலே, பக்கத்து எலையில இருக்க மருந்தையே பாக்காத. உன் மருந்தக் கடி."

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். இரண்டாம் வாரம் கண்ணைத் திறந்துகொண்டு குடித்தேன். துத்தியின் கொழகொழப்பு, தொண்டையில் இறங்கும் மிளகின் எரிச்சல், எலும்போடு ஒட்டியிருந்து இழுத்தால் அப்படியே கழன்று வரும் கறி. கரிசல் காட்டில் கம்பங்கஞ்சியும் வத்தலுமாக வளர்ந்த நாக்கு எனக்கு. இப்படி ஒன்றை அது பார்த்ததே இல்லை. மூன்றாம் வாரம் மூலம் போய்விட்டது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமை சூப்பு போய்விடும். ஒரு வருஷம் ஓடியது.

நான் நினைக்காத ஒன்று, மனைவிக்கு என்மேல் இருந்த அக்கறை.

"ஒரு வருசமா குடிக்கீக, இன்னும் கேக்கலையே. எனக்குப் பயமா இருக்கு. அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன். அவிய புதன்கிழமை வாராவ. பெரியாஸ்பத்திரில அறுத்துருவோம்."

சூப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அறுபட வேண்டும். அறுபடாமல் தப்பிக்க வேண்டுமானால் சூப்பை விட வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுவதும் உண்மையைச் சொல்ல மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் அதை வலி என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பஸ்ஸில் மச்சான் தன் துண்டை நாலாக மடித்து என் இருக்கையில் விரித்தார்.

"மாப்ள, பாத்து உக்காருங்க. குண்டு குழியில வலிச்சா சத்தம் போடுங்க, நிப்பாட்டச் சொல்லுதேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் படுக்கச் சொன்னார். பார்த்தார். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"எதை அறுக்கச் சொல்லுதீங்க? இது ஆறி எத்தனையோ மாசம் ஆச்சே."

மச்சான் நல்ல மனுஷர். சந்தேகமே படாமல் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். மனைவி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். "இனி அந்தக் கருமத்தக் குடிக்க வேண்டாம்" என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது.

இரண்டு சனிக்கிழமை பொறுத்தேன். மூன்றாவது சனிக்கிழமை பருத்தி விதை வாங்கப் போனவன், கால் இழுத்த பக்கம் போய்க் கொட்டகை வாசலில் நின்றேன்.

"எங்க அண்ணாச்சி, ஆளையே காணும்?" என்றாள் அக்கா.

"எனக்குக் குணமாயிட்டுது. ஆஸ்பத்திரியில பாத்துச் சொல்லிட்டாவ."

சுவரைப் பார்த்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். துக்க வீட்டில் விசாரிக்கிற முகம். "எப்பலேருந்து?" என்று கேட்டார் ஒருவர். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குவே போனீரு?" என்றார் இன்னொருவர்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "மனசத் தளர விடாதீங்க அண்ணாச்சி. சூட்டு ஒடம்பு. நம்ம ஊரு வெயிலுக்குத் திரும்ப வராமலா போயிரும்?"

அன்று குடிக்கவில்லை. விதையோடு வீடு திரும்பினேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக உட்கார்ந்தேன்.

மனைவி சோற்றுச் சட்டியோடு அப்படியே நின்றாள். "என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சத்தியமாக ஒன்றுமில்லைதான். ஒரு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. அவள் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை மாற்று வேட்டியை மடித்துக் கையில் கொடுத்தாள்.