சிப்பாய் என்றால் மனக்குழப்பமா?

ஈசூன் பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நூறை நெருங்கும் உடம்பு அறுவை சிகிச்சையைத் தாங்குமா என்று பயந்தேன். தாங்கியது. தொல்லை அதன் பிறகுதான் வந்தது.

"பாட்டி, சின்ன வயசுல என்ன வேலை பாத்தீங்க?" என்று இளம் மருத்துவர் கேட்டார்.

"சிப்பாய். துப்பாக்கி வச்சிருந்தேன்."

அவர் சிரித்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். "டெலிரியம் ஆன்ட்டி" என்றார் (அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பம்). "சொல்றத ஃபாலோ பண்ணலன்னா தெரப்பி கஷ்டம். பெரியவங்கள வச்சுப் பாத்துக்கிற நர்ஸிங் ஹோம் யோசிங்க."

முதல் நாள் மயக்கத்தில் அம்மா என்னைத் தன் தங்கை என்று நினைத்தது உண்மைதான். ஆனால் இது குழப்பமில்லை. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவர் இங்கே, இந்திய விடுதலைக்காகத் திரட்டிய பெண்கள் படையில் சேர்ந்தார். கூந்தலைக் கத்தரித்தார், சுடப் பழகினார், பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து திரும்பினார். இதைச் சொன்னேன்.

"ஓ, உங்க அப்பா ஆர்மியா?" என்றார் மருத்துவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. போன வருடம் லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் நடந்த போர்க்கால நினைவுக் கூட்டத்திலும் இதே கூத்துதான். எங்கள் வீட்டில் ஒரு வீரர் உண்டு என்று கேள்விப்பட்டவர்கள், அது யார் என்று கேட்கவில்லை. மறைந்த அப்பாவைப் புகழ்ந்து, தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீரரின் மனைவி என்று அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தம்பியும் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போதும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்து, "டாக்டர்கிட்ட சண்ட வேணாம்லா அக்கா" என்றான்.

"அப்ப அம்மா பொய் சொல்றாங்களா?"

அவன் வீட்டுக்குக் கிளம்பினான்.

மறுநாள் மருத்துவரை விடவில்லை. "அவங்களுக்குப் புரியுதா இல்லையான்னு நீங்களே பாத்துட்டுப் போங்க" என்றேன். இயன்முறை சிகிச்சையாளர் (பயிற்சி தந்து நடக்கப் பழக்குபவர்) ஒரு சீனப் பெண். பாப்பாவைக் கொஞ்சுவதுபோல் மலாய் மொழியில் எழுந்திருக்கச் சொன்னார். அம்மா அசையவில்லை.

"கொஞ்ச வேணாம்னு சொல்லு. ஆர்டர் குடுக்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து நின்று, உரத்த குரலில் கட்டளையிட்டார். அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த கட்டளை வரும்வரை உட்காரவுமில்லை. மருத்துவர் தன் குறிப்பை மாற்றினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு முதியவர் நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், அது நோய் என்று யாரும் எழுதும் முன் குறுக்கே நில்லுங்கள்.

இப்போது அம்மா வீட்டில் நடக்கிறார். படுக்கையிலிருந்து ஜன்னலுக்குப் போய் வருவதற்குள் காலைக் காப்பி ஆறிவிடுகிறது. நான் அவசரப்படுத்துவதில்லை. கூனிப்போன என் முதுகும் அவர் பின்னால் நடக்கும்போது தானாக நிமிர்கிறது.

போன வாரம் அதே மண்டபத்துக்காரர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். இந்த வருடமும் வீரரின் மனைவிக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டாம். ஒலிபெருக்கியில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாற்காலி எனக்கு எதுக்கு?" என்றார். "மேடைப் படிக்குக் கைப்பிடி இருக்கான்னு கேளு."